எல்லாம் முதல் காரியம்

மாவட்டத் தலைநகரத்துக் கலெக்டர் காரியாலயத்துக்கு எப்போதாவது ஒரு மனுவை ஏந்திக்கொண்டு போக நேர்ந்தவர்கள், நீண்ட கூடத்தின் கோடியில், மூன்று புறமும் கோப்புக் கட்டுகள் எழும்பி நிற்க, அவற்றுக்கு நடுவே கைக்குட்டையால் நெற்றியை ஒற்றியவண்ணம் வீற்றிருந்து, வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்னரே ‘உங்கள் காரியந்தான் சார் முதல் காரியம்’ என்று மலர்ந்த முகத்தோடு அபயம் அளிக்கும் சூப்பிரண்டு ஒருவரைத் தரிசித்திருப்பார்கள். தரிசித்தவர்கள் திருப்தியோடு வீடு திரும்பியிருப்பார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் போயிருப்பார்கள். அதே அபயத்தைப் பெற்று, அதே திருப்தியோடு திரும்பியிருப்பார்கள். காரியம் நடக்கவில்லையே என்ற கோபம் அவர்களுக்கு வருவதில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு முடித்துக் கொடுக்கும் உத்தியோகஸ்தரைவிட, முகம் மலர்ந்து முடிக்காமல் வைத்திருக்கும் உத்தியோகஸ்தரே நம்மவர் கணக்கில் எப்போதும் ஒரு படி உயர்ந்தவர்.

இவரைச் சோம்பேறி என்று எண்ணுகிறவர்கள் பெரும் பாவத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். பத்து மணிக் கச்சேரிக்கு ஒன்பதேகாலுக்கே வந்து, விளக்கு வைத்த பிறகே எழுந்து போகிறவர். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மூன்று மணிக்குத் திறந்து, ஒரு கவளம் வாய்க்குப் போவதற்குள் மூன்று பேருக்குப் பதில் சொல்லுகிறவர். லஞ்சம் என்ற சொல் காதில் விழுந்தாலே பதறிப்போகிற சுத்தாத்மா. அவரிடத்தில் உள்ள ஒரே தோஷம் தாட்சண்யம். ஒரு மனிதரை நேருக்கு நேர் பார்த்து, ‘உம்முடைய விஷயம் இரண்டாவது, இன்னொருவருடையதுதான் முதலாவது’ என்று சொல்லுகிற கடினசித்தத்தைப் பிரமதேவன் அவருக்கு வைக்க மறந்துவிட்டான். ஐம்பது இலை போட்ட பந்தலில் முந்நூறு பேரையும் ‘நீங்கள் முதல் பந்தியிலேயே உட்கார வேண்டும்’ என்று கையைப் பிடித்து இழுக்கிற பெண்ணின் தகப்பனாருடைய நிலைமைதான் அவருடையது. உபசாரத்தில் குறைவில்லை, இலைதான் இல்லை.

அவருடைய மேஜையின் இடப்புற இழுப்பறையில் ‘அவசரம்’ என்று அச்சிட்ட சிவப்புச் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கும். உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில் அவற்றைக் கொஞ்சம் சிக்கனமாகத்தான் உபயோகித்தார் என்று பழைய குமாஸ்தாக்கள் சத்தியம் செய்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கோப்பிலும் அந்தச் சீட்டு ஏறிவிட்டபடியால், உண்மையாகவே அவசரமானதைத் தனித்துக் காட்ட ‘மிக அவசரம்’ என்ற சீட்டு தேவைப்பட்டது. அதுவும் எல்லாவற்றிலும் ஏறிய பின் ‘உடனடி’ வந்தது. அச்சுச் சீட்டுகளின் சக்தி அவ்வளவோடு தீர்ந்துபோகவே, சிவப்பு மையால் தம் கைப்பட ‘இன்றே’ என்று எழுதி இரண்டு கோடு இழுக்கத் தொடங்கினார். அப்படி ‘இன்றே’ என்று எழுதி, கீழே தேதியும் இட்ட கோப்புகளில் சில, அந்தத் தேதி கழிந்து ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் பார்த்தவை.

இதற்கு நம் காரியாலய முறையையும் ஓரளவு நொந்துகொள்ள வேண்டும். டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால், சென்னை ராஜதானிக் காலம் தொட்டு இன்றுவரை நம் கச்சேரிகளில் வழங்கிவரும் அந்த ஏற்பாடு, உள்ளே நுழைந்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றி, அந்தந்தக் குமாஸ்தாவின் தன் பதிவேட்டில் வரவு வைத்து, விஷயம் முடிந்த பிற்பாடு அதை ஓராண்டு வைத்திருப்பதா, மூன்றாண்டா, பத்தாண்டா, அன்றி ஆசந்திரார்க்கமாகவே வைத்திருப்பதா என்று தரம் பிரித்து, ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று குறியிட்டுப் பதிவறைக்கு அனுப்பி வைக்கிறது. ஆயுள் முடிந்த காகிதத்துக்கு இத்தனை வருணாசிரமம் வகுத்த மகானுபாவர்கள், உயிரோடு இருக்கிற காகிதங்களில் எதை முதலில் தொடுவது என்பதைப் பெரும்பாலும் தொடுகிறவருடைய விவேகத்துக்கு விட்டுவிட்டார்கள். நம்மவருக்கோ விவேகம் இருந்த இடத்தில் கருணை குடிபுகுந்துவிட்டது.

ஆகவே அவருடைய ஒரு வாரத்தைக் கவனிப்பது மிகவும் ரசமான காரியம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில், முதியோர் உதவித்தொகை நின்றுபோயிற்று என்று ஒரு கிழவி கண்ணீர் வடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நிமிஷத்தில் அவருக்கு உலகத்தில் வேறு காரியமே இல்லை. கிழவியின் மனுவை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்கும்போது, பட்டா மாறுதலுக்கு நாலாம் தடவையாக வந்த குடியானவர் கும்பிடுகிறார். மனு ஒதுங்குகிறது, பட்டா வருகிறது. பட்டாவில் இரண்டு வரி எழுதுவதற்குள் சென்னையிலிருந்து டெலிபோன்: சட்டசபைக் கேள்விக்கு மாலைக்குள் விவரம் வேண்டும். பட்டா கிழவியின் மேல் படுத்துக்கொள்ள, சட்டசபை இரண்டின் மேலும் படுத்துக்கொள்கிறது. மார்ச்சு மாதமாக இருந்துவிட்டால், செலவாகாத பணத்தை 31-ஆம் தேதிக்குள் ஒப்புவிக்க வேண்டிய கணக்கும், மே மாதமாக இருந்தால் ஜமாபந்தியும், எந்த மாதமாக இருந்தாலும் தணிக்கைக்காரர்களின் ஆட்சேபங்களும் இவற்றின் மேல் ஏறிக்கொள்ளும். சாயங்காலம் பார்த்தால் அன்றைக்குத் தொட்ட கோப்புகள் முப்பது. ஒவ்வொன்றிலும் இரண்டு வரி. கடைசியில் வந்தவர் யாரோ அவருடைய காகிதம் மட்டும், அவர் எதிரே நின்றுகொண்டே இருந்த காரணத்தால், முடிந்து போயிருக்கும். மற்றவர்களை மறந்தார் என்பதும் இல்லை. இரவு படுக்கையில் கிழவியின் முகம் வந்து உபத்திரவப்படுத்துகிறது என்று சகதர்மிணியிடம் சொல்லி வருந்துகிறவர்தான். மறுநாள் காலையில் அவள் மனுவுக்கு இன்னொரு சீட்டு வைக்காமலும் இருப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு, பவானிசாகரில் பயிற்சி முடித்துவிட்டுப் பிரிவில் சேர்ந்த இளம் உதவியாளர் ஒருவர், எங்கோ படித்த ஒரு யுக்தியை அவர் சந்நிதானத்தில் விண்ணப்பித்துக்கொண்டார். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஐசன்ஹோவர் 1954-இல் ஒரு சபையில் பேசும்போது, அவசரம் வேறு, முக்கியம் வேறு என்று பிரித்துக் காட்டினார். அதையும் தம் சொந்தச் சரக்கென்று சொல்லாமல், ஒரு கல்லூரித் தலைவர் கூறியதாகவே எடுத்துச் சொன்னார். பிற்காலத்து நிர்வாகப் புத்தகக்காரர்கள் அதை நாலு கட்டமாக வரைந்து அவர் தலையில் சூட்டினார்கள். அவசரமும் முக்கியமும் சேர்ந்தது ஒரு கட்டம், முக்கியமாயும் அவசரமற்றும் இருப்பது ஒரு கட்டம், இப்படியே மற்ற இரண்டும். சூப்பிரண்டு மெய்ம்மறந்து கேட்டார். ‘தம்பி, இதைத்தானப்பா நான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்’ என்று தழுதழுத்தார். சொந்தச் செலவில் நாலு அறை கொண்ட மர அலமாரி ஒன்றும் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது முதல் அறையின் கதவு மூடவில்லை, கோப்புகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவதில் சாப்பாட்டு டப்பாவும், மூன்றாவதில் குடையும் இருந்தன. நாலாவது, அதாவது அவசரமும் அல்லாத முக்கியமும் அல்லாத அறை, காலி. ‘அதில் வைக்கும்படியாக நம்மிடத்தில் யாருடைய காகிதம் இருக்கிறது, சொல்லு’ என்று அவர் கேட்டபோது உதவியாளருக்கு விடை கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜனவரி பிறந்ததும் ஆண்டு இலக்குகளை எழுதி அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இருபத்திரண்டு இலக்குகளை அழகான கையெழுத்தில் எழுதினார். எண் போடாமல் பட்டியல் அனுப்பக் கூடாது என்ற விதி குறுக்கிட்டதால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் இட்டார். இட்ட பிறகு இருபத்திரண்டாவது இலக்கின்மேல் இரக்கம் பிறக்கவே, தாளின் அடியில் ‘வரிசை எண்கள் வசதிக்காக மட்டுமே, முக்கியத்துவத்தைக் குறிப்பன அல்ல’ என்று ஒரு குறிப்புச் சேர்த்துக் கையொப்பமிட்டு அனுப்பினார். டிசம்பர் 31-இல் முடியாமல் நின்றவை வழக்கம்போல் புதிய பதிவேட்டுக்கு ஏறின.

இவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் எப்படித்தான் காலட்சேபம் பண்ணுகிறார்கள் என்று கேட்கலாம். சௌக்கியமாகப் பண்ணுகிறார்கள். சீட்டு வைத்த கோப்பு எதுவானாலும் அதன்மேல் அவர் ‘பேசவும்’ என்று எழுதுவது சம்பிரதாயம். பேசுவதற்குப் போனால் அவர் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருப்பார். ஆகையால் சீட்டு வைத்த கோப்புகள் யாவும் பேச்சுக்காகக் காத்துக் கிடக்கும். தப்பித் தவறிச் சீட்டு இல்லாமல் வந்துவிட்ட காகிதங்களையோ குமாஸ்தாக்களே விதிப்படி எழுதி, வரைவு வைத்து, அவரும் மேலெழுந்தவாரியாகக் கையொப்பம் இட, மூன்றாம் நாள் அனுப்பிவிடுவார்கள். இந்த ரகசியத்தை முதலில் கண்டவர் வாசலில் உட்கார்ந்திருக்கும் பியூன். உத்தியோக வரிசையில் கடைசியிலும், ஞான வரிசையில் முதலிலும் இருக்கிற அந்தப் பெரியவர், தமக்கு வேண்டியவர்கள் வந்தால் தனியே அழைத்துப்போய், ‘ஐயாவைப் பாக்காதீங்க, பாத்தா சீட்டு வச்சிருவாரு’ என்று உபதேசம் செய்வார். விவரம் அறிந்த சிலர், சூப்பிரண்டு கூடத்தில் வருவதைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியதும் உண்டு.

இவர் ஒரு காலத்துக்கோ ஒரு கச்சேரிக்கோ உரியவர் அல்லர். சேப்பாக்கத்து ரெவின்யூ போர்டு 1786-இல் ஏற்பட்டு, 1980-இல் கலைக்கப்பட்டது, இவர் கலையவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகளில் கம்ப்யூட்டருக்கு முன்னால் அமர்ந்து, வந்த புகார் அத்தனைக்கும் ‘பி ஒன்’, அதாவது முதல் முன்னுரிமை, என்று குறியிட்டுவிட்டு, மறுபடி அவற்றுக்குள் எது நிஜமான ‘பி ஒன்’ என்று தீர்மானிக்க ஒன்றரை மணி நேரம் கூட்டம் போடுகிற இளைஞர் இவருடைய பேரன் அன்றி வேறு யார்? பேரனுக்குச் சம்பளம் அதிகம். தாட்சண்யம் அதே அளவுதான்.

சென்ற வருஷம் நம் சூப்பிரண்டுக்கு ஓய்வு பெறும் காலம் வந்தது. பென்ஷன் காகிதங்கள் முன்கூட்டியே தேனாம்பேட்டை மாநிலக் கணக்காயர் காரியாலயத்துக்குப் போயாக வேண்டும் அல்லவா? பிரிவிலிருந்த அனைவரும் கவலைப்பட்டார்கள். ஆனால் தம் சொந்த விஷயத்துக்குச் சர்க்கார் சீட்டை உபயோகிப்பது தர்மம் அன்று என்று கருதிய அந்த உத்தமர், தம்முடைய கோப்பை வெறுமனே குமாஸ்தாவின் மேஜையில் வைத்துவிட்டு, அதைப்பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், கிழவியின் மனுவைத் தேடப் போய்விட்டார். கோப்பு மூன்றாம் நாள் புறப்பட்டது. விடைபெறும் தேதிக்கு வெகு முன்னதாகவே பென்ஷன் உத்தரவு வந்து சேர்ந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்து, கண்கள் கலங்க, குமாஸ்தாவின் தோளைத் தட்டிக்கொடுத்து அவர் சொன்னார்:

‘அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே இவ்வளவு சுருக்காக முடித்துவிட்டாயே, தம்பி! ஒரு சீட்டும் வைத்திருந்தேனானால் இன்னும் எத்தனை சீக்கிரம் வந்திருக்கும்!’