கொட்டைக்கு லீவு

விளவங்கோட்டுப் பக்கத்து முந்திரி ஆலையில் தொழிலாளி ஒரு நாள் வராவிட்டால் கூலி கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை ஒரு மாதம் வராவிட்டாலும் கூலி கிடையாது, அதுவும் தொழிலாளிக்குத்தான். "கொட்ட வரல்ல மக்கா, வந்தா சொல்லி விடுகேன்" – நோட்டீஸ் அவ்வளவே. வேலை கொடுக்க முடியாத நாளுக்குப் பாதிச் சம்பளம் என்று தொழில் தகராறுச் சட்டத்தில் 1953லேயே சேர்த்தார்கள். சீசன் தொழிலுக்குப் பொருந்தாது என்றும் சேர்த்தார்கள். தான்சானியாவில் காய்ப்பதற்கு இங்கே சீசன் கணிக்க முதலாளிகளுக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை.

24 மாதத்தில் 480 நாள் உழைத்தால் நிரந்தரம் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் வருஷத்துச் சட்டம். ஓட்டெண்ணெய் பட்டுப் பொள்ளிய விரலால் அத்தனை நாளையும் எண்ணிக் காட்டலாம். பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டுமே! மூட்டைக் கணக்கு மட்டும் கிராம் பிசகாமல் இருக்கும்.