பெயர்சூட்டு அலுவலருக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
பெயர்சூட்டு அலுவலர் அவர்கள்,
தானாகப் பெயர் வழங்கும் பிரிவு,
போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்.

பொருள்: கேட்காமலே வைக்கப்படும் சீக்வென்ஸ் பெயர்கள் அளவுக்கு மீறி அழகாக இருப்பது தொடர்பாக.

ஐயா,

பெயர் கோணலாக இருக்கிறது என்றுதான் தங்களுக்கு மனுக்கள் வரும். இது நேர் எதிர்.

'ஆர்டர்ஸ்' டேபிளில் 'ஐடி' என்ற நெடுவரிசையைச் சீரியல் என்று அறிவித்தால் போதும். எண் போட்டுத்தர ஒரு சீக்வென்ஸைத் தாங்களே உண்டாக்கி, 'ஆர்டர்ஸ்_ஐடி_சீக்' என்று பெயரும் வைத்துவிடுகிறீர்கள். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்ட மாதிரி, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்ததும் தெரிகிறது. வினையே அதுதான். ஊகிக்க முடிகிற பெயரை எந்தப் புரோகிராமர் விசாரிப்பார்? நேராக ஸ்கிரிப்டில் எழுதிவிடுகிறார்.

பிறகு அந்த டேபிளை 'ஆர்டர்ஸ்_பழசு' என்று ரீநேம் செய்து, பழைய பெயரில் புதிது ஒன்றை உருவாக்குகிறார்கள். அப்பா பெயர் மாறியும் பிள்ளையின் இனிஷியல் மாறவில்லை. பெயர் காலியாக இல்லாததால், புது வரவுக்கு 'ஆர்டர்ஸ்_ஐடி_சீக்1' என்று சத்தமில்லாமல் ஓர் ஒன்றை ஒட்டி அனுப்புகிறீர்கள். தரவை ஏற்றி முடித்த ஸ்கிரிப்ட் வழக்கம்போல 'செட்வேல்' போட்டு எண்ணை முன்னே தள்ளுகிறது. நகர்வது பழைய டேபிளின் எண். புதியதோ ஒன்றிலிருந்து ஆரம்பித்து, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒன்றின் மேல் மோதி, 'டூப்ளிகேட் கீ' என்று அலறுகிறது. விசாரணையில் தரவை ஏற்றியவர் மாட்டுவார்; தங்கள் பிரிவின் பக்கம் ஒருவரும் திரும்பமாட்டார்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. பெயருக்குத் தங்கள் உச்சவரம்பு 63 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'மு' என்று எழுதினால் உகரத்தோடு சேர்த்து 6. 'வாடிக்கையாளர்_முகவரி' டேபிளில் 'எண்' என்றொரு நெடுவரிசை இருந்தால், அடிக்கோடுகளும் 'சீக்' என்ற தங்கள் ஆங்கில வாலும் சேர்ந்து 72 பைட் ஆகிறது. வாலைத் தொடாமல் நீளமான பகுதியில் கத்தரி போடுகிறீர்கள். மிஞ்சுவது 'வாடிக்கையாளர்_முக_எண்_சீக்'. முகவரி கேட்டவருக்கு முகம் கிடைக்கிறது. ஒரு குறியை நடுவில் பிளப்பதில்லை என்ற தங்கள் கருணைக்கு நன்றி. மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் பறிபோவதை அந்தக் கருணை தடுப்பதில்லை.

ஆரக்கிளைப் பாருங்கள். 12சி பதிப்பில், தானாக எண் போட்டுக்கொள்ளும் ஐடென்டிட்டி நெடுவரிசை வந்தபோது அது வைத்த பெயர் 'ஐசீக்$$_', பின்னால் ஓர் ஆப்ஜெக்ட் எண். சோதனை சர்வரில் ஓர் எண், நிஜ சர்வரில் வேறு எண். அதை ஸ்கிரிப்டில் எழுத யாருக்கும் துணிச்சல் வராது. டிராப் செய்யப் போனால், சிஸ்டம் உண்டாக்கியதில் கை வைக்காதே என்று ஓஆர்ஏ-32794 என்ற பிழை விரட்டும். எவ்வளவு நேர்மையான நிர்வாகம்!

தங்களிடமும் விசாரணைக் கவுண்டர் இருப்பதை மறுக்கவில்லை. 'பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ்' பங்ஷனிடம் டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும் கொடுத்தால் உண்மைப் பெயரைச் சொல்கிறது. ஆனால் அந்தப் பங்ஷனுக்கே வேறு பெயர் வைத்திருக்க வேண்டும் என்று தங்கள் கையேடு ஒப்புக்கொள்கிறது. பெயர்சூட்டும் பிரிவிடமிருந்து எழுத்துப்பூர்வமாக இதைப் பெறுவது சாமானியமா?

2017இல் பத்தாம் பதிப்பில் ஐடென்டிட்டியைத் தாங்களும் தந்தீர்கள். சீக்வென்ஸின் பெயரே தெரியாமல் 'ஆல்டர் டேபிள்' வழியாக எண்ணை ரீஸ்டார்ட் செய்யலாம். அருமையான ஏற்பாடு. அங்கேயும் அதே அழகான பெயர்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பானேன்?

ஆகவே, இனிப் பிறக்கும் சீக்வென்ஸ்களுக்கு வாயில் நுழையாத, ஊகிக்க வழியில்லாத பெயர்களையே சூட்ட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே பெயர் பெற்றவற்றைத் தயவுசெய்து தொட வேண்டாம். அவற்றை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் எந்தெந்த சர்வரில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று எங்களுக்கே தெரியாது.

இப்படிக்கு,
தரவுத்தளப் பராமரிப்பாளர்கள்