புனைவுச் சான்றிதழ்

நான் எழுதிய கதைகளை இதுவரை எந்தப் பத்திரிகையும் போட்டதில்லை. ஆனால் நானே ஒரு புனைவு என்று ஜெர்மன் அரசு முத்திரை குத்தி, 13 யூரோ வாங்கிக்கொண்டு, சான்றிதழ் கொடுத்திருக்கிறது.

ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங். இதை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது. ஃபிக்ட்ஸியோன் என்றால் புனைவு, பெஷைனிகுங் என்றால் சான்றிதழ். வேலைக்காகத் தந்த வசிப்பு அனுமதி முடிவதற்குள் நீட்டிப்புக்கு மனுப் போட்டுவிட்டால், அதிகாரி ஒரு முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி உயிரோடு இருப்பதாகவே சட்டம் பாவித்துக்கொள்ளும். வசிப்புச் சட்டம், 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு. அந்தப் பாவனைக்கு அத்தாட்சிதான் இந்தத் தாள். கொலு பொம்மைக்குச் சுண்டல் படைக்கிற மாதிரி என்று அம்மாவுக்குப் போனில் விளக்கினேன். "சரி, இப்போ நீ அங்க இருக்கியா, இல்லையாடா?" என்று கேட்டாள். கேள்வி சரியானதுதான்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. "முடிவதற்குள்." கடைசி நாள் ராத்திரியானாலும் பரவாயில்லை, மறுநாள் காலை என்றால் கதை வேறு. மின்கட்டணத்தைக் கடைசி நாளில் கட்டியும், பரீட்சை விண்ணப்பத்தை ஜன்னல் மூடும்போது கையை உள்ளே விட்டும் வளர்ந்தவன் நான். உலகத்தில் எல்லா ஜன்னலும் பாதி மூடிய பிறகுதான் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை.

நான் இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் கோப்பு இன்னும் அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தின் மேசையில்தான் கிடக்கிறது.

2021 மார்ச்சில் வந்தேன். ப்ளூ கார்டு. படித்து நல்ல சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற அனுமதி அது. அந்தப் பெருமை தலைக்கேறியதில் கார்டின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. வேலை ஒப்பந்தத்தை மட்டும் பார்த்தேன். அதில் 'உன்பெஃப்ரிஸ்டெட்' என்று ஒரு சொல் இருந்தது. அகராதியில் தேடியதில் 'காலவரையற்றது' என்று வந்தது. எனக்கு அதுவரை தெரிந்த ஜெர்மன் சொற்களிலேயே இதுதான் அழகானது. வேலை காலவரையற்றது என்றால் நானும் காலவரையற்றவன் என்று எடுத்துக்கொண்டேன்.

ப்ளூ கார்டை அதிகபட்சம் நான்கு வருடத்துக்குத் தருவார்கள். ஆனால் பாஸ்போர்ட் எந்தத் தேதியில் முடிகிறதோ அதைத் தாண்டிக் கார்டு ஓடாது. என் பாஸ்போர்ட் 2014இல் எடுத்தது, பத்து வருடம். ஆகவே கார்டு 2024 ஆகஸ்ட் 22 என்று நின்றுவிட்டது. புறப்படுவதற்கு முன்பு ஊரிலேயே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தால் இன்னும் பல மாதம் கிடைத்திருக்கும். அப்பா சொன்னார். "இன்னும் மூணு வருஷம் இருக்குப்பா" என்றேன்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு ராஜபாட்டையும் இருந்தது. ப்ளூ கார்டுக்காரர்கள் பி1 அளவுக்கு ஜெர்மன் படித்துவிட்டால் 21 மாதத்திலேயே நிரந்தர வசிப்புக்கு மனுப் போடலாம். கணக்குப் பார்த்தால் 2022 கடைசியிலேயே நான் இந்தத் தேதிகளின் தொல்லையிலிருந்து விடுபட்டிருப்பேன். பி1 வராவிட்டாலும் ஏ1 போதும், 33 மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். 2023 நவம்பரில் அந்த 33ஐயும் 27 ஆக்கினார்கள். ஏ1 என்பது 'என் பெயர் இது, எனக்கு ஆப்பிள் பிடிக்கும்' அளவு. சட்டம் எனக்காக ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. நான் ஒரு படியும் ஏறவில்லை.

வகுப்பில் சேரவில்லை என்று சொல்லக்கூடாது. மூன்று முறை சேர்ந்தேன், மூன்று முறையும் ஏ1. மூன்றாவது முறை ஆசிரியை என்னைப் பழைய மாணவர் என்று அறிமுகப்படுத்தினார். ஜெர்மனில் சிறுமி என்ற சொல் அஃறிணை போல, 'அது' வகை என்று தெரிந்ததும் இந்த மொழியில் நியாயம் இல்லை என்று அறிவித்துவிட்டு நின்றேன். நம் வீட்டில் 'குழந்தை அழுகிறது' என்றுதான் இத்தனை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது வகுப்பை விட்ட பிறகுதான் உறைத்தது.

2024 ஜூலையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கிளம்பினேன். அப்போது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 51க்கு 51 மில்லிமீட்டர் சதுரப் படம் கேட்டார்கள். ஜெர்மன் கார்டுக்கு 35க்கு 45. ரயில் நிலையத்துப் படப்பெட்டிக்குள் உட்கார்ந்து இரண்டையும் எடுத்து, இரண்டையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டேன். இந்தியப் பக்கம் நீள முகத்தை நீட்டித் திருப்பி அனுப்பப்பட்டேன். பிறகு, நான் சொல்லப்போகும் அக்டோபர் நாளில், ஜெர்மன் பக்கம் சதுர முகத்தை நீட்டினேன். இரண்டு தேசங்களிடமும் தவறான முகத்தோடு போய் நின்ற அனுபவம் எல்லோருக்கும் வாய்க்காது.

இதற்கிடையில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் இணையதளத்தில் நீட்டிப்புக்கு ஒரு டெர்மின் கிடைத்தது. டெர்மின் என்றால் நேரம் குறித்துக்கொள்வது. ஜெர்மனியில் முடிவெட்டக்கூட டெர்மின் வேண்டும். அக்டோபரில் ஒரு நாள் கொடுத்தார்கள். அனுமதி முடிவது ஆகஸ்டில், டெர்மின் அக்டோபரில். முன்பதிவு செய்துவிட்டோம், ரயில் வரும்போது வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, மாலை நாலு மணி. காபி இயந்திரத்தின் பக்கத்தில் எதிர் மேசைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன், "இன்றோடு என் கார்டு முடிகிறது, அக்டோபரில் டெர்மின்." அவர் குவளையைக் கீழே வைத்தார். "மனுப் போட்டாயா?" "டெர்மின் போட்டேனே." "டெர்மின் மனு ஆகாதே. நேரம் குறித்தால் நேரம் குறித்த மாதிரிதான். மனுப் போட்டால்தான் மனு."

தத்துவம் மாதிரி இருந்தாலும் அது சட்டம். இன்று நள்ளிரவுக்குள் 'எனக்கு நீட்டிப்பு வேண்டும்' என்று எழுத்தில் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சல் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்பதற்கு என்ன சாட்சி? "ஃபாக்ஸ் அடி" என்றார் அவர். "சாட்சிச் சீட்டு கிடைக்கும்." ஃபாக்ஸ் எந்திரத்தை நான் கடைசியாகப் பார்த்தது தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, எஸ்டிடி பூத்தில். ஜெர்மனியில் அது இன்னும் சுமங்கலியாக இருக்கிறது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் வெளிநாட்டு அழைப்புக்கடை ஒன்று. பக்கத்துக்கு ஒரு யூரோ. மனு, கார்டு நகல், சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம் என்று பதினொரு பக்கம். எந்திரத்தில் வைத்து, பொத்தானை அழுத்தி, அது 'ங்ஙீ' என்று கத்தியதும் கும்பிட்டுக்கொண்டேன். சீட்டு வந்தது. பதினொரு பக்கம், நல்லபடியாகச் சேர்ந்தது. கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதில் முதல் பக்கத்தின் சின்ன நிழல் அச்சாகியிருக்கும். அந்த இடம் வெள்ளையாக இருந்தது. தாள்களைப் புரட்டி வைத்திருக்கிறேன். வெற்றுப் பக்கங்கள் பதினொன்றை அனுப்பி, அவை பத்திரமாகச் சேர்ந்ததற்கு அத்தாட்சியும் வாங்கியிருக்கிறேன். என் இலக்கிய வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான சுருக்கம் கிடையாது.

இன்னும் பதினொரு யூரோ கொடுத்து மறுபடி அனுப்பினேன்.

அக்டோபர் டெர்மினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சதுரப் படம். அதோடு, முதலாளி நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்று நிரப்பாமலே என் தடித்த கோப்புக்குள் ஒளிந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பொறுமையாக, குறைகளைத் தபாலில் அனுப்பச் சொன்னார். ஆகஸ்ட் ஃபாக்ஸ் அவர் கோப்பில் இருந்தது. இருபத்திரண்டு பக்கமும். முதல் பதினொன்றையும் துளையிட்டு, வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். புனைவுச் சான்றிதழை அச்சடித்துத் தந்தார். ஆறு மாதம் செல்லும்.

தை மாதம் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். போனேன், வந்தேன் என்று எழுத ஆசைதான். திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் கவுண்டர் பெண் கார்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"சார், இது போன வருஷமே எக்ஸ்பயர் ஆயிடுச்சே."

"அதுக்குத்தான் மேடம் இந்தப் பேப்பர்."

"இது என்ன சார்?"

தற்காலிக வசிப்புச் சான்று என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல்லியிருக்கலாம். "ஃபிக்‌ஷன் சர்டிஃபிகேட்" என்றேன்.

"ஃபிக்‌ஷன்னா... கதையா சார்?"

"ஆமா. இல்ல மேடம். கதை இல்ல. சட்டப்படி கதை."

பின்னால் வரிசையில் இருந்த குடும்பம் தங்கள் பெட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டது. மேலதிகாரி வந்தார். தாளை வாங்கினார். "மூணாவது பாக்ஸ்ல டிக் இருக்கா சார்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தாள் மூன்றாக மடிந்தது. மூன்று மாதமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன், ஒரு நாள்கூட முழுக்க விரித்துப் படித்ததில்லை. அவர் விரித்தார். உள்ளே மூன்று கட்டங்கள். முதல் இரண்டில் குறி இருந்தால் நாட்டைவிட்டு வெளியே போய்விட்டு இந்தத் தாளைக் காட்டித் திரும்ப முடியாது. மூன்றாவதில் இருந்தால், பழைய கார்டையும் சேர்த்துக் காட்டி உள்ளே வரலாம். மூன்றாவதில்தான் இருந்தது. "மாசத்துக்கு நாலு பேர் இப்படி வர்றாங்க" என்று சொல்லிவிட்டு, "படிச்சவங்கதான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கதையை நான் நன்றாகச் சொல்வேன். ஃபாக்ஸ் இடத்தில் 'ங்ஙீ' சத்தம் போட்டுக் காட்டுவேன். விருந்துகளில் கேட்டு வாங்கிச் சொல்ல வைப்பார்கள். போன ஜூனில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போயிருந்தேன். தொழிற்பேட்டைக்கு நடுவில், 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். ஐரோப்பா முழுக்க இருந்து ஈழத்துச் சனம் வந்து குவியும். தேர் திரும்பிய பிறகு மர நிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். நான் கதையை அவிழ்த்துவிட்டேன். வெற்றுப் பக்கங்கள் வந்தபோது சுற்றி இருந்த இளசுகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"திகதி முடிஞ்ச அண்டைக்கே போட்டனீர்?"

"ஆமாங்கய்யா, அன்னிக்குச் சாயங்காலம்."

"என்ன விசர் வேலை தம்பி" என்றார், மெதுவாக.

அவர் 1984இல் வந்தவர். கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அவருக்குக் கிடைத்தது அனுமதியே இல்லை. டுல்டுங். பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள். போகச் சொல்லிவிட்டோம், அனுப்புவதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். தனக்கு ஒதுக்கிய மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. "மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கோணும். சில நேரம் ஒரு மாசம்தான் குடுப்பாங்கள். ஏழு வருசம். ஒருக்காலும் பிந்தினதில்லை. விடிய நாலு மணிக்குப் போய் வாசல்ல நிப்பன். பனியெண்டாலும் நிப்பன்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தார். "என்னைப் பொறுத்துக்கொண்டவை. உம்மைக் கதை எண்டு சொல்லியிருக்கினம். நீர் முன்னேறிட்டீர்."

நான் ப்ளூ கார்டுக்காரன், இந்தத் தாள் சமாச்சாரமெல்லாம் அகதிகளுக்கு என்று வந்த புதிதில் யாரிடமோ சொன்னது நினைவு வந்தது. யாரிடம் என்பதும் நினைவு வந்தது. மோரைக் குடித்து முடித்தேன்.

அவருக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தமிழ்க்கடையில் கொடுத்த நாள்காட்டி ஒன்று அவர் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறதாம். ஏகாதசி, சதுர்த்தியோடு மருமகளின் டாக்டர் டெர்மின், பேரப்பிள்ளையின் நீச்சல் வகுப்பு எல்லாம் அதில்தான். என் எண்ணை வாங்கிக்கொண்டார். மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் அழைக்கிறார்.

படிவத்தை நான் அனுப்ப வேண்டிய வேகத்தில் அனுப்பாததால் எனக்கு இரண்டாவது புனைவுச் சான்றிதழ் வந்திருக்கிறது. போன ஞாயிறு அழைத்தவர் கேட்டார், "தம்பி, புதுத் தாளில என்ன திகதி?"

விரித்துப் பார்த்தேன். இப்போது விரிக்கத் தெரியும். "நவம்பர் 15ங்கய்யா. நிறைய நாள் இருக்கு."

"பொறும், கண்ணாடி எடுக்கிறன்." தாள் புரளும் சத்தம் கேட்டது. பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"அது சனிக்கிழமை தம்பி. கந்தோர் பூட்டு."