ஏழரைச் சனியும் திருக்கை மீனும்

கிராண்ட் கேமன்

அன்புள்ள அத்தைக்கு,

"உனக்குத் தண்ணியில கண்டம், கடல் பக்கம் போகாதே" என்று சொல்லி அனுப்பினீர்கள். இந்தத் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். கண்டத்துக்குப் பயந்தால், கணக்கு எழுத வந்தவன் ஆபீசுக்கே போக முடியாது. அதனால் இறங்கிவிட்டேன்.

பயப்படாதீர்கள், ஆழமில்லை. ஜார்ஜ் டவுன் கரையோரம் சீஸ்பர்கர் ரீஃப் என்று ஒரு பவளப்பாறை. பக்கத்தில் பர்கர் கடை இருந்ததால் வந்த பெயர்! மிதவைச் சட்டையோடு குப்புறப் படுத்தால் எல்லாம் தெரியும். கண்ட இடத்தில் துப்பாதே என்று வளர்த்தீர்கள். இங்கே முகத்தில் மாட்டும் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க அதற்குள்ளேயே துப்பித் தேய்க்கச் சொல்கிறார்கள். சிலிண்டர் கட்டி இறங்கும் புதியவர்களை 12 மீட்டருக்குக் கீழே விடுவதில்லை. முதல் சட்டம், மூச்சை அடக்காதே. மேலே வர வர நுரையீரலில் காற்று விரியும், அடக்கினால் கிழிந்துவிடும். உங்கள் பிராணாயாமமெல்லாம் இங்கே செல்லாது.

கிளிமீன் பாறையை மொறுக் மொறுக்கென்று கடிக்கும் சத்தம் நீருக்குள் நன்றாகவே கேட்கிறது. தின்ற சுண்ணாம்பு பின்வழியாக மணலாக வருகிறது. வெள்ளைக்காரர்கள் டாலரைக் கொட்டிக் கொடுத்துப் புரளும் கடற்கரையில் அந்தச் சரக்கும் உண்டு. நான் யாரிடமும் சொல்லவில்லை. பிழைக்க வந்த ஊர்.

நார்த் சவுண்ட் என்ற கடல் பகுதியில்தான் உங்கள் நினைவு வந்தது. முன்பு மீனவர்கள் அங்கே மீன் கழுவிக் குடலை வீசுவார்களாம். அந்த ருசியில் கூடிய திருக்கைகள் இன்னும் போகவில்லை. படகுச் சத்தம் கேட்டால் ஓடி வருகின்றன. இடுப்பளவுத் தண்ணீர்தான். மிதித்தால் வால்முள் பாயும் என்பதால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். நீங்கள் புளி கரைத்துக் குழம்பு வைக்கும் அந்த மீனுக்கு இவர்கள் கணவாய் ஊட்டி, முத்தமும் கொடுக்கிறார்கள்! கொடுத்தால் 7 வருஷம் அதிர்ஷ்டமாம். இன்னும் அரை வருஷம் சேர்த்திருந்தால் சனிக்குச் சரியாகப் போயிருக்கும். பிடித்தால் குற்றம் என்பதால் குழம்பு ஆசையை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கு மோதிரம் செய்யப் பவளம் கேட்டிருந்தீர்கள். இங்கே அதை உடைத்தால் வழக்குத்தான். கல் மாதிரி இருந்தாலும் அது உயிர், அத்தை. துடுப்புக்கால் பட்டாலே சேதமாகும். மோதிரப் பவளமும் வேறு ஜாதி, மத்தியதரைக் கடல் சரக்கு. பணம் அனுப்புகிறேன், நம்மூர் நகைக்கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகன்