வீடூர் கரைமேல் காணும் பொங்கல்

மரக்காணத்துக்காரர்களுக்குத் தண்ணீருக்கா பஞ்சம்? கிழக்கே கடல். ஊரை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய். அதையொட்டிப் பாத்தி பாத்தியாக வெயிலில் காய்கிற உப்பளம். தென்மேற்கே, கோடையெல்லாம் வெடித்துக் கிடந்துவிட்டு ஐப்பசி கார்த்திகையில் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துகொள்கிற கழுவெளி. இத்தனை இருந்தும் ஒரு கை அள்ளி வாயில் வைக்க முடியாது. அதனால்தான் எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு மகாபலிபுரமும் புதுச்சேரிக் கடற்கரையும் பெரிதாகத் தோன்றியதில்லை. கடலைப் பார்க்கக் காசு செலவழித்து யாராவது போவார்களா? எங்களுக்குச் சுற்றுலா என்றால் வீடூர் அணைதான். உங்கள் ஊர்ப்பக்கமும் அப்படியோர் அணையோ ஏரிக்கரையோ இருந்திருக்கும். பெயர்தான் வேறாக இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில், காணும் பொங்கலன்று விடிவதற்குள் எங்கள் தெருவில் உப்பு லாரி ஒன்று வந்து நிற்கும். மழை ஓய்ந்தும் அளம் சீர்செய்யும் வேலை இன்னும் சூடுபிடிக்காத நாள்கள் அவை. லாரியின் தரையில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, பெண்களும் பிள்ளைகளும் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து, நடுவில் புளிச்சோற்று அண்டாவும் வறுத்த சங்கரா மீனும் தயிர்ப்பானையும் ஆட, திண்டிவனம் போய்க் கூட்டேரிப்பட்டைத் தாண்டி உள்ளே திரும்பும்போது எங்கள் பாட்டுச் சத்தத்தில் டிரைவர் அடிக்கிற ஹாரன்கூடக் கேட்காது. இன்று அதே தூரத்தை நாலுவழிச்சாலையும் குளிர்பதனக் காருமாகச் சுருக்கிவிட்டோம். பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், அணை வந்துவிட்டது என்று நாம்தான் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீடூர் அணை பெரிய அணை இல்லை. செஞ்சிப் பக்கமிருந்து வரும் வராக நதியும் தொண்டியாறும் கூடுமிடத்தில் 1959-இல் கட்டி முடித்தது. 32 அடி, 605 மில்லியன் கன அடி. மேட்டூரின் 93,470 மில்லியன் கன அடிக்கு முன்னால் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் இதை நம்பித் தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரிப் பக்கம் 1,000 ஏக்கரும் விளைகிறது. பிள்ளைகளான எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? லாரி நின்றதும் கரைமேல் ஏறி, ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் பச்சை வயலையும் மாறி மாறிப் பார்ப்போம். உப்பும் மணலுமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பச்சையே திருவிழா.

என் அத்தை அளத்தில் உப்பு வாரியவள். வருஷத்தில் எட்டு மாதம் உப்புத் தண்ணீரில் நின்ற கால்கள். குதிகாலும் விரலிடுக்கும் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மதகுக்குக் கீழே பாசனக் கால்வாய் தொடங்குகிற இடத்தில் கல்படி ஒன்று இருந்தது. சேலையை முழங்கால்வரை வழித்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் நல்ல தண்ணீரில் விட்டாள் என்றால், பிறகு எழுந்திருக்கவே மாட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இங்கியே கொண்டாடா கண்ணு, இந்தத் தண்ணியிலதான் காலு எரியாம இருக்குது" என்பாள். அவள் காலடியில் பொடி மீன்கள் கூட்டமாக வந்து வெடிப்பில் வாய்வைத்துக் கொத்தும். கூச்சத்தில் சின்னப்பெண்ணாகச் சிரிப்பாள். வேறெங்கும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது அங்கே யாரும் நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. குளிக்கக் கூடாது, ஆழமான பகுதி என்று பலகைகள் இருக்கின்றன. பொங்கல் நாளில் போலீஸ் நிற்கிறது. அது சரியான ஏற்பாடுதான். பண்டிகை நாளில் அணையிலும் ஏரியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களை நினைத்தால், அந்தப் பலகைகள் முன்பே வந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது. அத்தை இருந்திருந்தால் அவள் கால் நனைக்க மட்டுமாவது ஒரு படியை விட்டுவையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டிருப்பேன்.

அந்தக் காலத்தில் பலகைக்குப் பதில் ஓர் ஆள் இருந்தார், அணையின் லஸ்கர். காக்கி அரைக்கால் சட்டை, இடுப்பில் துண்டு, கையில் கொடுவாள். காலையில் அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதிவிட்டுக் கரை முழுக்க நடப்பார். எங்கள் சித்தப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்கு அரை மூட்டை உப்பு கொண்டுபோய்க் கொடுப்பார். பதிலுக்குப் பெரிய ஏரிக்கெண்டை ஒன்று வரும். கடல்மீன் தின்று வளர்ந்த எங்கள் வீட்டில் சேற்று வாசனை என்று அதை யாரும் தொடமாட்டோம் என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

நாங்கள் கரைச் சரிவைக் குச்சியால் நோண்டினால் போதும், எங்கிருந்தோ குரல் வரும்: "டேய் பசங்களா, கரைய நோண்டாதீங்கடா! எலி வளை ஒண்ணு போதும், ஊரே போயிரும்!" பிறகு அருகில் வந்து உட்கார்ந்து சொல்லித்தருவார். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் தெளிந்து வந்தால் கவலையில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம், ஓடிப்போய் ஆளைக் கூப்பிட வேண்டும். கரைமேல் மரம் வளரவிடக் கூடாது, செத்த வேர் விட்ட ஓட்டை தண்ணீருக்கு வழியாகிவிடும். இதெல்லாம் எங்கள் பெரியவர்களுக்கு விளக்காமலே புரிந்தது. பாத்தி வரப்பில் ஒரு நண்டு வளை விழுந்தால் ஒரு வாரப் பாடு ஒரே ராத்திரியில் வடிந்துபோகும் என்பது அளத்துக்காரர்களுக்குத் தெரியாதா?

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்ததை ரேடியோவில் கேட்ட லஸ்கர், அடுத்த பொங்கலுக்கு நாங்கள் போனபோது அதையே பேசினார். "நடுவுல கல்கட்டு நின்னுச்சாம்மா, ரெண்டு பக்கமும் மண் கரை. வெள்ளம் மேல ஏறி வழிஞ்சி மண்ண அறுத்துட்டுப் போயிடுச்சி" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, ஷட்டர் தூக்கும் பல்சக்கரத்தைக் காட்டி, மழைக்காலத்துக்கு முன்னால் இதில் கிரீஸ் போடாமல் தனக்குத் தூக்கம் வராது என்றார். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், மழைக்கு முன்னும் பின்னும் பெரிய அணைகளைச் சோதிக்க வேண்டும், ஆபத்துக்கால நடவடிக்கைத் திட்டம் எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. படித்தபோது எனக்கு அந்தக் கிரீஸ் டப்பாவின் வாசனைதான் வந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையில் ஏறி, நகராமல் நின்றுவிட்டது. மறுநாள் காலைக்குள் அணையின் பக்கத்து ஊரான மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. விநாடிக்கு 30,000 கன அடி வந்தால் காலியாகக் கிடக்கும் வீடூர் அணையே ஆறு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அது சின்ன அணை, பிடித்துவைக்கும் வித்தை அதற்குக் கிடையாது, வந்ததை விட்டுத்தான் ஆகவேண்டும். விட்டார்கள். கரை தாங்கியது. அந்தத் தண்ணீர் சங்கராபரணி ஆறாகப் பெருகிப் புதுச்சேரிப் பக்கத்து ஊர்களுக்குள் நுழைந்தது. அதே புயல் மழையில், டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூரிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். சினிமாப் பாட்டுகளில் பார்த்துப் பழகிய பூங்காவும் முதலைப் பண்ணையும்தான் சாத்தனூர் என்றிருந்தவர்கள், கடலூர் வரைக்கும், அன்றுதான் அது அணை என்று உணர்ந்தார்கள்.

அந்த இரவில் என் கைப்பேசியில் அணை மட்டம் மணிக்கொரு தரம் வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இப்படியொரு வசதி கிடைத்திருந்தால் லஸ்கர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். ஆனால் எண் வந்த வேகத்துக்கு, அந்த எண் எந்தத் தெருவில் எந்தப் படிவரை ஏறும் என்று சொல்ல யாருமில்லை. எங்களுக்கு அது ஓரளவு தெரிந்திருந்தது. காரணம் எங்கள் லாரிதான். திரும்பும்போது ஆற்றின் போக்கிலேயே திருவக்கரைக்கு வந்து, வக்கிரகாளியைக் கும்பிட்டு, கல்லாகிப்போன மரங்கள்மேல் ஏறி விளையாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அணையில் பார்த்த தண்ணீர் எங்கெங்கே வளைகிறது, எந்த ஊர் பள்ளம், எது மேடு என்பதைச் சாயங்காலத்துக்குள் கால்கள் கற்றுக்கொண்டுவிடும். இன்றைய நேர்ச்சாலையில் போய் வருகிற பிள்ளைகள் அணையைப் பார்க்கிறார்கள், ஆற்றைப் பார்ப்பதில்லை.

ஆற்றோர ஊர்களில் 2024 வெள்ளம் ஏறிய கறை சில சுவர்களில் இன்னும் தெரிகிறது. வெள்ளையடித்து அதை மறைப்பதற்குள், ஒவ்வொரு பள்ளிக்கூடத்துச் சுவரிலும் நீலப் பெயின்ட்டில் அந்தக் கோட்டை இழுத்துத் தேதியை எழுதி, அணையிலிருந்து விநாடிக்கு எத்தனை கன அடி திறந்தபோது தண்ணீர் இங்கே ஏறியது என்பதையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். கைப்பேசியில் அடுத்த முறை எண் வரும்போது, அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் பாட்டியை எழுப்பி மேட்டுக்குக் கூட்டிப்போகும்.