ஒரு நாள் லீவு கோரும் மனு

அனுப்புநர்:
சில்வர் பீச்சில் மாலைதோறும் காற்று வாங்குவோர் சார்பாக ஒருவன்,
தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்:
உலக சாரணர் இயக்கத் தலைமையகத்தார் அவர்கள்.

பொருள்: உலகச் சாரணர் பெருந்திரளணி முகாமை எங்கள் ஊரில் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமன்கும் என்னும் இடத்தில் தொடங்கி, பாதியில் கலைந்த தங்கள் முகாம்.

ஐயா / அம்மையீர்,

வெயில், சேறு, கொசு, புயல் நான்கையும் ஒரே இடத்தில் கூட்டத் தாங்கள் பட்ட பாட்டைப் படித்தோம். 2017-இல் பாக்கூ நகரில் ஓட்டெடுப்பு வைத்து, போலந்தைத் தோற்கடித்து, ஆறு ஆண்டு ஏற்பாடு செய்து, பத்தாயிரம் கோடி வொன்னுக்கு மேல் செலவழித்து அல்லவா அவற்றைப் பெற்றீர்கள்! எங்கள் ஊரில் அவை நான்கும் இலவசம் என்பதைத் தெரிவிக்கவே இந்த மனு.

இடத் தேர்வில் எங்களுக்கு முன் அனுபவமும் உண்டு. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை தன் நிலம் என்று எழுதிக்கொண்டது. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. கடலுக்கு 33.9 கிலோமீட்டர் அணை கட்டித் தூர்த்த பொட்டலில், மருந்துக்கும் மர நிழல் இல்லாத தரையில், நாற்பதாயிரம் பிள்ளைகளைக் கூடாரம் போடச் சொன்ன தங்கள் முறையைவிடக் கம்பெனி முறை மோசம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

முகாமைக் காட்டி அந்த வட்டாரத்தார் பக்கத்தில் ஒரு விமான நிலையமும் கேட்டார்களாமே! முகாம் வந்து போன பிறகும் அதற்கு ஒரு செங்கல் வைக்கவில்லையாம். அதிலும் நாங்கள் பின்தங்கியவர்கள் அல்லர். நெய்வேலியில் ஓடுபாதை தயார். விமானம் வர வேண்டியதுதான் பாக்கி. இப்படிச் சொல்லியே பல ஆண்டுகள் ஆகின்றன.

புயலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயல், எங்கள் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. 2015-இல் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல். (2004 டிசம்பர் 26 பற்றி இந்த மனுவில் எழுத மாட்டேன். இந்தக் கரையில் நின்றுகொண்டு அதை வைத்துக் கேலி பேச எவனுக்கும் வாய் வராது.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் முகாமில் தொடக்க விழா முடிவதற்குள் சுமார் நூறு பேர் வெயிலுக்குச் சுருண்டார்கள். முட்டையில் பூஞ்சை. கழிப்பறையைப் பார்வையிட நாட்டின் பிரதமரே வர வேண்டியதாயிற்று. நாலாயிரத்து ஐந்நூறு பேரோடு வந்திருந்த பிரிட்டிஷ்காரர்கள் முதல் ஆளாக மூட்டை கட்டிக்கொண்டு சியோல் ஓட்டல்களுக்குப் போய்விட்டார்கள். எங்கள் கோட்டையில் அவர்கள் அறுபதாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தவர்கள் என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

பிறகு கானுன் புயல் வந்தது. ஆகஸ்ட் 8 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களில் பிள்ளைகளை ஏற்றி நாடெங்கும் அனுப்பினீர்கள். கால அட்டவணை காற்றில் பறந்தது. பிள்ளைகள் என்ன ஆனார்கள்? கடைத்தெருவில் சுற்றினார்கள், கோயில் பார்த்தார்கள், கண்டதையும் வாங்கித் தின்றார்கள். 11-ஆம் தேதி சியோல் உலகக் கோப்பை மைதானத்தில் பெரிய கே-பாப் பாட்டுக் கச்சேரியே வைத்து அனுப்பினார்கள். அப்படிப்பட்ட பாட்டுக் குழு ஒன்றைப் பார்க்கத்தான் 2024 ஜனவரியில் கரூர்ப் பக்கத்துச் சிறுமிகள் மூவர் பதினாலாயிரம் ரூபாயைச் சேர்த்துக்கொண்டு சியோலுக்கே கிளம்பினார்கள். பாவம், காட்பாடி ரயிலடியில் அவர்களைப் பிடித்துவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கோ கேட்காமலே கிடைத்தது.

ஆக, பன்னிரண்டு நாள் முகாமில் பிள்ளைகளுக்கு லீவு கொடுத்தது தாங்கள் அல்ல, புயல். எங்கள் ஊர் நடைமுறையும் இதுவேதான். நவம்பர் மாதம் காலை ஆறு மணிக்கு இங்கே எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் வந்து பாருங்கள். பத்தாம் வகுப்புப் பையன் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு மழை லீவு விட்ட மாவட்டங்களின் பட்டியலைத் தேய்த்துக்கொண்டிருப்பான். செங்கல்பட்டு, விழுப்புரம், மயிலாடுதுறை... கடலூர் இல்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரிக்குக் கூட லீவு. அடுப்படியில் அம்மா டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்கிறது. ஏழரைக்கு அவன் ஷூவுக்கு லேஸ் கட்டும்போது கலெக்டர் அறிவிப்பு வரும். அந்த நிமிஷம் அவன் முகத்தில் வரும் வெளிச்சத்தை எந்த ஆண்டு விழாவிலும் பார்க்க முடியாது. அதையும் ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்டிவிடுவார்கள், அது வேறு கதை.

கோடை விடுமுறையும் பெயருக்குத்தான்: மே மாதத்தில் வெயில் பாறையைப் பிளக்கும்போது ஸ்பெஷல் கிளாஸ், அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ஆளுமை மேம்பாடு. பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் பெற்றவர்களுக்குக் கை நடுங்குகிறது. தங்கள் இயக்கம் நூறு வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்து வருகிறது. ஒரு நாளாவது அவிழ்த்துவிட்டால் என்ன?

எனவே போலந்தில் 2027 முகாம் முடிந்ததும், எந்த ஆண்டு காலியோ அந்த ஆண்டைத் தேவனாம்பட்டினத்துக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே நிபந்தனை: அட்டவணையில் ஒரு நாளுக்கு எதிரே எதுவும் எழுதக் கூடாது. 'கலாச்சாரப் பரிமாற்றம்' என்று கூட. அன்று காலை பிள்ளைகள் எந்நேரம் எழுந்தாலும் சரி. சில்வர் பீச்சில் மீன் வறுவல் தின்னட்டும், மிளகாய் பஜ்ஜி கடித்துக் கண்ணீர் விடட்டும், கெடிலம் கடலில் சேரும் இடத்தில் வலை காயப்போடுகிறவர்களோடு தெரியாத பாஷையில் பேசட்டும். கடலில் மட்டும் ஆழமாக இறங்க வேண்டாம், இழுத்துவிடும். மந்திரிகள் யாரும் அன்று வர வேண்டாம். முக்கியமாக, சாயங்காலம் எவரும் மைக்கை நீட்டி "இன்று என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி காற்று வாங்குவோன்.

பி.கு.: முகாம் கலைந்த அன்று, ஹோங்சாங் என்ற ஊரில் ஒரு கல்லூரி, யேமன் நாட்டுச் சாரணர்கள் 175 பேருக்கு விருந்து சமைத்து, அறை ஒதுக்கிக் காத்திருந்ததாகப் படித்தோம். பிறகுதான் தெரிந்ததாம், அவர்கள் கொரியாவுக்கே வரவில்லை என்று. இங்கே அந்தச் சிக்கல் இராது. கடற்கரைக்குப் பக்கத்திலேயே பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. யேமன்காரர்கள் வராவிட்டால் ஒரு குரல் கொடுத்தால் போதும், பத்து நிமிஷத்தில் அண்டா காலி.