கறைக்கலைஞர்

சோப்பும் சீயக்காயும் சுண்ணாம்பும் கண்டுபிடித்து, அழுக்கைத் தன் வாசஸ்தலத்திலிருந்து விரட்டியடிப்பதையே நாகரிகத்தின் லக்ஷணமாக மனித குலம் கருதிவந்திருக்கையில், அந்த அழுக்கைத் தேடிப் பிடித்து, சீராட்டி, பக்குவமாக ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பின்னர் ஸ்கேனரில் ஏற்றிக் கணினியில் பத்திரப்படுத்துவதையே ஜன்ம சாபல்யமாகக் கொண்ட ஓர் இனம் சமீப காலமாக நம்மிடையே பெருகிவருகிறது. தங்கள் கைச்சரக்குக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டெக்ஸ்சர்'. புகைப்படத்தின்மேல் இதை ஒரு படலமாகப் பரப்பினால், நேற்று மாலை மெரினாவில் எடுத்த படத்துக்கும் நூறு வயது ஏறிவிடும் என்பது இவர்களுடைய சித்தாந்தம். தலைக்குச் சாயம் பூசி வயதை மறைக்கும் அதே மனிதர்கள் படத்துக்கு மட்டும் வயதை ஏற்ற ஏன் இத்தனை பிரயாசைப்படுகிறார்கள் என்று கேட்பது அநாகரிகம்.

கறைக்கலைஞரை அடையாளம் காண்பது சிரமமான காரியம் அன்று. வாரநாட்களில் அவர் ஏதேனும் ஒரு வங்கியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ கௌரவமான உத்தியோகஸ்தராகத்தான் காட்சி தருவார். நகக்கண்ணில் மட்டும் பழுப்பு வர்ணம் மிச்சமிருக்கும். கோயிலுக்குப் போனால், மற்றவர்கள் சந்நிதியில் மெய்ம்மறந்து நிற்கும்போது, இவர் பிராகாரத்துத் தூண் ஒன்றின் எதிரே மெய்ம்மறந்து நிற்பார். இட்டுக்கொண்டது போக மிஞ்சிய குங்குமத்தையும் விபூதியையும் பக்த கோடிகள் தலைமுறை தலைமுறையாகத் துடைத்துவிட்டுப் போன தூண் அது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கிறாரோ இல்லையோ, மண்டபத்தின் பின்புறத்தில் துருப்பிடித்த இரும்புக் கதவைப் பல கோணங்களில் படம் பிடித்துக்கொண்டுதான் பந்திக்கு வருவார்.

ஆனால் கண்ட இடத்தில் கறையைப் படம் பிடிப்பது அவர் மதத்தில் கீழ்ப்படி. தானே தன் கையால் கறையைச் சிருஷ்டிப்பதுதான் மேற்படி. இந்த யக்ஞம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேஜையில் நடக்கும். கெட்டியான வாட்டர்கலர் தாள், 'ஜெஸ்ஸோ' என்கிற வெள்ளைப் பூச்சு, ஃபெவிகால், கசக்கிய டிஷ்யூ காகிதம், காலாவதியான ஏ.டி.எம். கார்டு, கல் உப்பு, இவற்றோடு ஒரு டம்ளர் முதல் டிகாக்ஷன் ஆகியவை சாமக்கிரியைகள். ஜெஸ்ஸோவைக் கார்டின் விளிம்பால் தாறுமாறாக இழுத்துப் பூசி, ஈரம் காய்வதற்குள் டிஷ்யூ காகிதத்தை அதன்மேல் சுருக்கம் சுருக்கமாக அழுத்த வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகு, நீர்க்கக் கரைத்த பழுப்பு வர்ணத்தை மேலே தடவி, உடனே கந்தலால் துடைத்தெடுத்தால், மேடுகளில் வெள்ளை மீண்டும் தலைகாட்டும். பள்ளங்களில் மட்டும் பழுப்பு தங்கிவிடும். ஈரமான வர்ணத்தில் உப்பைத் தூவினால், உப்பு நீரை உறிஞ்சிக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகத் தடம் விடும். பசையைத் தடிமனாகப் பரப்பி, அது பாதி காய்ந்த தருணம் பார்த்து அக்ரிலிக் வர்ணத்தைப் பூசினால், காயக் காயப் பாளம் பாளமாக வெடிப்பு விழும். அந்த வெடிப்பு விழும் வரை வீட்டில் மின்விசிறி சுழலக் கூடாது. சித்திரை மாதமானாலும் சரி.

"என்னங்க, ரெண்டாவது டிகாஷன எடுத்துக்கக் கூடாதா? காயிதத்துக்கு ருசி தெரியவா போவுது?" என்று மனைவி கேட்பார். இரண்டாவது டிகாக்ஷனில் செம்மை போதாது என்று அவர் சாவதானமாக விளக்கம் சொல்லுவார். அன்றைக்குக் குடும்பம் இரண்டாவது டிகாக்ஷனையும், காகிதம் முதல் டிகாக்ஷனையும் அருந்தும்.

ஆட்சேபணை முற்றினால், சாஸ்திர ஆதாரங்கள் எல்லாம் அவருடைய நாவின் நுனியில் தயாராக இருக்கின்றன. கறை படிந்த சுவர்களை உற்றுப் பாருங்கள், அவற்றில் மலைகளும் நதிகளும் யுத்தங்களும் தெரியும் என்று லியனார்டோ ட வின்சி ஓவியர்களுக்கு உபதேசித்ததை எடுத்துக்காட்டுவார். தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பிசினும் குழைத்த பசையால் சுவாமியின் ஆபரணங்களை மேடாக எழுப்பித் தங்கரேக்கு பதித்தார்களே, அதற்கும் தம்முடைய ஜெஸ்ஸோவுக்கும் ரத்த பந்தம் உண்டு என்பார். இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1925-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் பொர்னிக் என்ற கடற்கரையூரில், விடுதி அறையின் தேய்ந்த தரைப்பலகைகள்மீது காகிதத்தை விரித்து, கரிக்கோலால் தேய்த்துத் தேய்த்தே மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஒரு புதிய கலைமுறையைக் கண்டெடுத்த சரித்திரத்தையும் கண்ணில் நீர் தளும்பச் சொல்லுவார்.

"அவர் தேய்ச்சது லாட்ஜிலங்க," என்பார் மனைவி. "சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைல இல்ல."

யாரோ செய்து காசுக்கு விற்கும் டெக்ஸ்சர்களை உபயோகிப்போரைக் கண்டால் அவருக்கு உண்டாகும் அருவருப்பு சொல்லி முடியாது. "கடையில் வாங்கின கறை" என்ற மூன்றே சொற்களை அவர் உச்சரிக்கிற தொனியில் அவர்கள் வம்சமே தலைகுனிய வேண்டியிருக்கும்.

கறை உலர்ந்ததும் கணினிப் படலம் தொடங்குகிறது. ஏ4 தாள் ஒன்றை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள் கிடைக்கும். அத்தனை புள்ளிகளையும் அவர் நேரில் விசாரிப்பார். ஃபோட்டோஷாப்பில் 1994-ஆம் ஆண்டு 'லேயர்' என்ற வசதி வந்த நாள் முதலாக, ஒரு படத்தின்மேல் இன்னொன்றை அடுக்குவது எளிதாகிவிட்டது. 'மல்டிப்ளை' முறையில் அடுக்கினால், கறைத்தாளின் வெள்ளை இருந்த சுவடு தெரியாமல் மறைந்து, கருமை மட்டும் படத்தில் இறங்கும். இறங்கியது சற்று அதிகமோ என்று அவருக்குத் தோன்றும். அழுத்தத்தை 60 சதவிகிதமாகக் குறைப்பார். பிறகு 40 ஆக்குவார். நள்ளிரவில் அது 12-இல் வந்து நிற்கும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதையும், உப்பையும் டிகாக்ஷனையும், குடும்பத்தின் வியர்வையையும் அந்தப் படத்தில் பார்க்கக்கூடிய ஜீவன் பூலோகத்தில் அவர் ஒருவர்தான்.

முகங்கள்மேல் விழுந்த கறையை மட்டும் மெல்லிய தூரிகையால் நீக்கிவிட வேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடம். ஆயினும் தாய்மாமனின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் அன்பளிப்பாகச் செய்த தம்பதி படத்தில், மாமாவின் முகத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்தவருக்கு, அத்தையின் முகத்துக்கு வந்தபோது மனம் வரவில்லை. தம் ஆயுளிலேயே உத்தமமான வெடிப்பு ஒன்று அந்தக் கன்னத்தின் குறுக்கேதான் ஓடியிருந்தது. படத்தைப் பிரித்துப் பார்த்த அத்தை, "ஏண்டா, மாமா மூஞ்சி மட்டும் மழமழன்னு இருக்கு, என் மூஞ்சி ஏண்டா கோடைக்கால ஏரி மாதிரி வெடிச்சுக் கெடக்கு?" என்று கேட்டார்.

"அது காலத்தோட ரேகை, அத்தே."

"நல்லா வந்துச்சு காலம்! உங்க மாமாவ விட நான் பத்து வயசு சின்னவ!"

சென்ற ஐப்பசியில், அடுக்ககத்தின் மொட்டைமாடி ஒழுக்கை அடைப்பது சம்பந்தமாக உரிமையாளர் சங்கக் கூட்டம் கூடியது. படிக்கட்டுச் சுவரில் இறங்கியிருந்த ஈரக்கறை இப்போதுதான் பச்சைக்கும் ஊதாவுக்கும் இடையே ஓர் அபூர்வ வர்ணத்துக்குத் திரும்பியிருப்பதாகவும், ஆகவே மராமத்தைத் தை மாதம்வரை ஒத்திவைக்க வேண்டும் என்றும் கறைக்கலைஞர் எழுந்து விக்ஞாபித்துக்கொண்டார். மேல்தளத்தில் வாளி வைத்துக்கொண்டு குடியிருக்கும் காரியதரிசி பதில் சொல்லும் நிலையில் இல்லை. தீர்மானம் ஒரே ஒரு எதிர்வாக்குடன் நிறைவேறியது. மறுநாள் காலையில் நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பார்வையிட வேண்டும் என்று அவர் காரியதரிசியின் வாசலில் வந்து நின்றபோது, வழக்குப் போடத்தான் போகிறார் என்று வீட்டார் நடுங்கிப்போனார்கள். அவரோ ஏட்டைப் புரட்டி, தீர்மானம் எழுதியிருந்த பக்கத்தைக் கடந்து, அதற்கடுத்த பக்கத்தில் யாரோ டீ கிளாஸை வைத்து எடுத்ததால் விழுந்திருந்த வட்டத்தைக் காட்டி, "இதை ஒரு மணி நேரம் இரவல் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார்.